ஜிலேபிக் கெண்டையின் வாய்

விலங்கியல் ஆய்வகத்தின் பார்மலின் ஜாடியில் ஒரு ஜிலேபிக் கெண்டையும் அதன் நாற்பது குஞ்சுகளும் மூன்று ஆண்டுகளாக இறந்துகிடந்தன. அந்த மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். ஆபத்து நெருங்கினால் குஞ்சுகள் மீண்டும் தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். மயிலாப்பூர்க் கல்லூரியில் லூயிசா ஆண்டுதோறும் நடத்தும் பாடம் அது.

1974 ஜூலையில் இருமுறை, ஜாடியின் அடியில் ஒரு குஞ்சும் இல்லை. நாற்பதும் தாயின் வாய்க்குள் இருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே விட்டாள். இரண்டும் லியோனார்ட் அவளைப் பார்க்க வந்துபோன நாள்கள். விதவையான அவளையும் ஏழு வயது மகள் ஐவியையும் ஏற்க முன்வந்தவன் அவன். வரும் ஞாயிறன்று திருமணம். சாந்தோமில் அவனைப் பழித்து ஒருவரும் பேசியதில்லை.

வெள்ளியன்று மாலை அவன் ஆய்வகக் கதவருகே வந்து நின்றான்.

“இன்னா லூயிசா, செத்த மீனையே பாத்துக்கினு கீறே? நீ இரு. ஐவிய ஸ்கூல்லேர்ந்து நானே கூட்டிக்கினு போறேன்.”

“அவ யார்கூடவும் போகமாட்டாளே.”

“எங்கூட வருவா. பழக்கிட்டேன்.”

சிரித்தபடி போனான். லூயிசா ஜாடியைப் பார்த்தாள். அடியில் ஒரு குஞ்சும் இல்லை. மூடியைத் திறந்து இடுக்கியை நுழைக்கப் பார்த்தாள். இறந்த மீனின் தாடை இறுக மூடியிருந்தது. எவ்வளவு முயன்றும் அது திறக்கவில்லை.

இடுக்கியைப் போட்டுவிட்டுப் படிகளில் ஓடினாள். தெருவுக்கு வந்தபோது பள்ளி விடும் மணி அடித்து ஓய்ந்திருந்தது.