புளித்த மோர்

மாடிவீட்டு எஸ்தர் வாரம் ஒருமுறை கயிற்றில் கூடையைக் கட்டிப் புளித்த மோர் இறக்குவாள். கீழ்வீட்டுத் தனபாலன் அதில் தண்ணீர் கலந்து, அசுவினிப் பூச்சி மொய்த்த ரோஜாவுக்குத் தெளிப்பார். பூத்த நாளில் அதே கூடையில் ஒரு பூ மேலே போகும். இருவரும் அதிகம் பேசியதில்லை.

மகன் வந்து அவளை ஊருக்கு அழைத்துப் போன அன்று கயிறு தொங்கியபடியே நின்றுவிட்டது. இரண்டே மாதத்தில் சங்குப்பூக் கொடி அதைப் பற்றிக்கொண்டு மாடிக் கம்பிவரை ஏறிவிட்டது. ரோஜாவில் மறுபடியும் அசுவினி.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு செம்போடு படியிறங்கி வந்தாள்.

"நல்லாப் புளிச்ச மோர் சார். செடிக்கு அடிங்க."

தனபாலன் வாங்கினார். கொடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, செம்பைக் கழுவிக் கொடுத்தார்.

பூத்திருந்த ஒற்றை ரோஜா செடியிலேயே இருந்தது.