இடுக்கி

அந்த இரும்படிக்கும் கம்பெனியில் ஒரு வழக்கம்: முதலாளி இறந்தால், அவர் இரும்பு பிடித்த இடுக்கியைப் பழுக்கக் காய்ச்சி, வாரிசு சம்மட்டி மிஷினில் தட்டையாக்க வேண்டும். அதன் பிறகுதான் கம்பெனி வாரிசுக்குச் சொந்தம். கோகிலவாணி அப்பாவின் இடுக்கியைக் காலையிலேயே உலையில் போட்டாள். மதியமாகியும் அது சிவக்கவில்லை.

"பொம்பளப்புள்ள முதலாளியாவறது எங்கண்ணனுக்கே புடிக்கல பாரு," என்று சித்தப்பா சிரித்தார்.

உலைக்காரர் மாசிலாமணி இடுக்கியை வெளியே எடுத்துத் தயங்கித் தயங்கித் தொட்டார். சில்லென்றிருந்தது. கைப்பிடியில் வியர்வை ஈரம்.

"முதலாளி இன்னும் கையெடுக்கலீங்க, அம்மணி."

அவள் அதை வாங்கி, சம்மட்டிக்குக் கீழே பட்டடைக் கல்லில் வைத்தாள்.

"கம்பெனிய நான் பாத்துக்கறேன்ப்பா. விடுங்க," என்று இடுக்கியிடம் சொன்னாள்.

அவள் விரல்களின்மேல் குளிர்ந்த ஏதோ ஒன்று வந்து மூடியது. கையை இழுத்தாள், வரவில்லை. யாரும் சுவிட்சைத் தொடாமலே சம்மட்டி மேலே ஏறத் தொடங்கியது.