டாக்டரம்மாவுக்கு இன்னும் ஒரு மாதம்

கைக்குழந்தைக்காரிகளுக்கென்று வந்த அரைநாள் திட்டத்தில் குடும்ப மருத்துவப் பயிற்சியைத் தொடங்கினாள் பூங்கோதை. மதியம் ஒரு மணிக்கு மேல் நோயாளியைத் தொட்டால், அவள் வேலைநேரத்தைக் கண்காணிக்கும் கிளினிக்கின் பேசும் சுவர் அவள் களைத்துவிட்டதாகக் கனிவோடு அறிவித்து, பயிற்சியை ஒரு மாதம் நீட்டிவிடும். பயிற்சி முடிந்தால்தான் கணவன் இருக்கும் ஓசூருக்கு மாற்றல்.

இது கடைத்தெருவுக்குத் தெரிந்துபோனதுதான் வினை. கைராசியான டாக்டரை வியாபாரிகள் விட்டுக்கொடுப்பார்களா? மாதா மாதம், மணி ஒன்று அடித்ததும், யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தார்கள். குழந்தை பள்ளிக்கூடமே போகத் தொடங்கிவிட்டது, பயிற்சி முடியவில்லை.

இன்று நீட்டிய பயிற்சியின் கடைசி நாள். ஒரு மணிக்கு அவள் பையைத் தூக்கும்போது, மிளகாய் வியாபாரி தங்கமாரி வாசலில் சரிந்தார்.

"இந்த மாசம் உங்க முறையா அண்ணாச்சி? எந்திரிங்க. போன மாசம் பருப்புக்கடைக்காரர் இதைவிட நல்லா விழுந்தார்."

அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். நாடி இல்லை.

"உங்களோட பெரிய ரோதனைய்யா எனக்கு!" என்று கத்திக்கொண்டே அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். சுவர் ஒரு மாதத்தைக் கூட்டியது.

வெளியே கூடியிருந்த கடைக்காரர்களில் ஒருவர் மெச்சிக்கொண்டார்: "நம்ம தங்கமாரி என்னமா நடிக்கிறான் பாருய்யா!"