பனிப்பொழிவு நாட்கள்

அந்த முன்மாதிரி மசோதா எங்கோ ஒரு குளிர்நாட்டில் எழுதப்பட்டது. மாநிலத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். சட்டத்துறை மொழிபெயர்ப்பாளர் அமலி அந்த இடத்தில் எங்கள் மாநிலத்தின் பெயரை எழுதினாள். கடற்கரைக் குடியிருப்புகளை அகற்றலாம் என்றது மசோதா. பனிப்பொழிவு நாட்களில் மட்டும் யாரையும் வெளியேற்றக் கூடாது என்றது ஒன்பதாம் பிரிவு. "இங்க ஏது சார் பனி?" என்று கேட்டாள். "ஏழு மாநிலம் இப்படியேதான் நிறைவேத்தியிருக்கு. ஒரு எழுத்தும் மாத்தாதம்மா" என்றார் செயலாளர். விவாதமில்லாமல் சட்டமாயிற்று. கத்திரி வெயிலில் ஒரு நாள் கடற்கரைக் குடியிருப்பில், அவளுடைய அண்ணன் கஸ்பாரின் வீட்டு முன்னால் புல்டோசர் வந்து நின்றது. "நீதானே எழுதுன. எங்களுக்கு ஆதரவா ஒரு வரி கூடவா இல்ல?" என்று ஓடிவந்த அமலியிடம் கேட்டான் கஸ்பார். "ஒண்ணு இருக்குண்ணே" என்று ஒன்பதாம் பிரிவைச் சொன்னாள். கஸ்பார் சிரிக்கவில்லை. உள்ளே போய் மீன்பெட்டியைத் தூக்கி வந்து, உடைத்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளி வாசலில் தூவினான். மண்ணைத் தொட்டதும் அது தண்ணீராகியது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, கூட வந்திருந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அமலி குனிந்து, பெட்டியில் மிச்சமிருந்ததை அள்ளினாள். பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக மீன்பெட்டிகள் திறக்கும் சத்தம் கேட்டது.