டிபன் பாக்ஸ் மேலே ஒரு காந்தம்

"மேனேஜர் சார், இங்க வாங்க! திருட்டுப் பொருள் மாட்டிகிச்சு!"

ஒரகடம் கம்பெனி கேட்டில் ஷிப்ட் முடிந்து கிளம்பிய பெண்கள் அப்படியே நின்றார்கள். செக்யூரிட்டி ராஜம்மா, வேல்விழியின் சாப்பாட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இவளா?" என்று முணுமுணுப்பு. அதிர்ந்து பேசாதவள் வேல்விழி. தெற்கேயிருந்து வந்து குன்றத்தூரில் வாடகை அறையில் இருக்கும் கைக்குழந்தைக்காரி. வேலை போனால் ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

சூப்பர்வைசர் டில்லிபாபு ஓடி வந்தார்.

"சோறு போடற இடத்துலயே கை வெச்சிட்டியா? ஐடி கார்டக் கழட்டு! நாளையிலேர்ந்து வராத!"

மேனேஜரும் வந்துவிட்டார். "எடுத்தியாம்மா?"

"ஆமா சார், எடுத்தேன்." வேல்விழி தலை குனியவில்லை.

"எங்கேர்ந்து?"

"அத டில்லிபாபு சார்கிட்ட கேளுங்க."

ராஜம்மா கையை விரித்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் காந்தம். ஒரு பக்கம் டேப் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

டில்லிபாபு சத்தம் அடங்கியது.

"இது... நம்ம பொருளே இல்ல சார். அந்தப் பொண்ணோடதா இருக்கும். வுடுங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது."

"இப்பதான வேலைய வுட்டே தூக்கினே?" என்றாள் ராஜம்மா.

மேனேஜர் வேல்விழியைப் பார்த்தார்.

"லேசர் மெஷின் கதவுல இருந்தது சார். மெல்லிசு கம்பியோட தோல உரிக்கிற, கேஸ்ல ஓடுற லேசர். கதவத் தொறந்தா அது நிக்கணும். இந்தக் காந்தத்த சென்சார்ல ஒட்டிட்டா, கதவு மூடித்தான் இருக்குன்னு மெஷின் நெனச்சுக்கும். நிக்காம ஓடும், பீஸ் கணக்கு ஏறும். ஆனா அந்தப் புற ஊதாக் கதிரு கண்ணுக்கே தெரியாது. பக்கத்துல நிக்கிற சந்தனமாரிக்கு ராவெல்லாம் கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி எரியுது. சொன்னா, செல்போன் பாத்திருப்பான்னு இவரு சொல்லுதாரு."

மேனேஜர் ராஜம்மா கையிலிருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டார்.

"டில்லிபாபு, என் ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் நடந்தார்.

ராஜம்மா பையைக் கொண்டுபோய் பஸ் வாசலில் கொடுத்தாள்.

"இத்தினி பேர் எதிர்ல உன் மானத்த வாங்கிட்டனேடி. இத இன்னாத்துக்குப் பையில வெச்ச? உள்ளாறயே குப்பத்தொட்டியில போட்டிருக்கலாம்ல?"

"போட்டேன்க்கா, ரெண்டு தடவ. பொறுக்கி எடுத்து மறுபடியும் ஒட்டிட்டாவ."

வேல்விழி படியில் ஏறிக்கொண்டே திரும்பினாள்.

"மேனேஜர் ரூமுக்குள்ள எங்கள விடமாட்டாவ. நீங்க கத்தினா அவரே கேட்டுக்கு வருவாருல்லா? அதான், உங்க கையில சட்டுனு படட்டும்னு டிபன் பாக்ஸுக்கு மேலயே வச்சேன்."