இன்றைக்கும் சுண்ணாம்பு

ஒரே பனையில் அண்ணன் கலயமும் தம்பிக் கலயமும் தொங்கின. அண்ணனுக்குள் எவ்வளவு இனிப்பான சாறு விழுந்தாலும் புளித்துக் கள்ளாகிவிடும். அதைக் குடித்த சிநேகித அணில் ஒருநாள் கிறங்கிக் கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டது.

"என்னாலதானேடா?" என்று அண்ணன் அழுதது.

"அழுதா ஆச்சா? பனையேறி வந்ததும் உள்ளே சுண்ணாம்பு பூசச் சொல்லுண்ணே. பதநீர் புளிக்காது," என்றது தம்பி.

"எரியுமேடா."

"எரியும்."

மறுநாள் பனையேறி அண்ணனைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு தடவினார். சாறு இனிப்பாகவே நின்றது. கால் கூடியதும் அணில் நொண்டி நொண்டி ஏறி வந்தது. பயந்து பயந்து நக்கியது; பிறகு இன்னொரு வாய் கேட்டது.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சரியாயிட்டேன்டா! இனி எதுக்குச் சுண்ணாம்பு?"

"நானும் கள்ளுக்கலயமா இருந்தவன்தாண்ணே," என்றது தம்பி. "இன்னைக்குக் காலையிலகூட எரிஞ்சுது."