சத்தியக் கயிறு
பாம்பன் வெயில் தகரக் கூரையில் கொதிக்கிறது. இனிக் குடிக்க மாட்டேனென்று கோயிலில் சத்தியம் செய்து கட்டிய கயிற்றோடு நம்புராஜனின் கை, மனைவி கலைச்செல்வியின் முன்னால் நீள்கிறது. கட்டி ஐந்தே நாள். கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. “இத அவுத்துவிடுடி. கயித்தோட குடிச்சா சாமி குத்தமாயிரும்.” “அஞ்சு நாளு பொறுக்க முடியலையா உங்களுக்கு?” “வந்து திரும்பக் கட்டிக்கிறேன்ல!” மீன் செதில் ஒட்டிய விரல்களால் அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள். அவன் முனகிக்கொண்டே வாசலுக்குத் திரும்புகிறான். கயிற்றோடுதான் போகிறான். விடிந்தால் கடலுக்குப் போகிறவன். “நில்லுங்க!” என்று கத்திக்கொண்டு ஓடி மணிக்கட்டைப் பிடிக்கிறாள். பூசாரி இறுக்கிப் போட்ட முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. குனிந்து, மஞ்சள் நாக்கில் கசக்கக் கசக்க, பல்லால் கடித்து அவளே அவிழ்த்துவிடுகிறாள்.